13 அடி அறைக்கு வளைவுக் கூரை: கம்பி இல்லாமல் நிற்குமா?

ஏரிக்கரை | 6 ஜனவரி 2024, மாலை 6:12

வானூர் பக்கம் அப்பா நிலத்தில் 13 அடிக்கு 20 அடி ஒரே அறை கட்டப் போகிறேன். விதைநெல், மோட்டார் சாமான், உரமூட்டை வைக்க. கொத்தனார் வழக்கம்போல் கான்கிரீட் தளம் என்கிறார். நண்பர் ஒருவர் வளைவுக் கூரை போடு, கம்பியே வேண்டாம், எடை பாதி, செலவு பாதி என்கிறார். வடிவத்தை மட்டும் நம்பி ஒரு கூரை நிற்குமா? கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் | 6 ஜனவரி, இரவு 10:50

நிற்கும் தம்பி. பத்தொன்பது வருடமாக திண்டிவனம், வானூர், மரக்காணம் பக்கம் இதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தட்டைத் தளத்தில் கம்பி எதற்கு என்று பார். தளம் தன் எடையிலேயே நடுவில் தொங்கப் பார்க்கும். அப்போது மேல்பக்கம் நெருக்கப்படும், கீழ்ப்பக்கம் இழுபடும். நெருக்கினால் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல்தான். அதனால்தான் கீழே கம்பி. நடுவில் இருக்கும் கான்கிரீட்டுக்கு நெருக்கமும் பெரிதாக இல்லை, இழுப்பும் இல்லை, சும்மா பாரம். அந்தப் பாரத்தைத் தூக்க இன்னும் கொஞ்சம் கம்பி, இன்னும் கொஞ்சம் கனம்.

பாக்குமட்டைத் தட்டை எடுத்துப் பார். பச்சை மட்டை கையில் துவளும். அதையே நனைத்து சூடான அச்சில் அழுத்தி விளிம்பை மடக்கிவிட்டால் சாம்பாரோடு சோற்றைத் தாங்குகிறது. மட்டை அதே மட்டை, கனமும் அதே. வடிவம்தான் மாறியிருக்கிறது. பனையோலை மடிப்பு மடிப்பாக இருப்பதும், தகரத்தை நெளி நெளியாக அடிப்பதும் இதே கணக்குத்தான்.

கூரையைச் சரியான வளைவில் கட்டினால் எங்கேயும் இழுப்பு வராது, எல்லாக் கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கியே நிற்கும். மண்ணும் செங்கல்லும் நெருக்கத்துக்குப் பிறந்தவை. எடையும் குறையும். சரியான வளைவு எது என்று நாளை எழுதுகிறேன்.

செம்மண் | 7 ஜனவரி, இரவு 9:35

இரண்டு ஆணியில் ஒரு சங்கிலியைத் தொங்கவிடு. அதற்கு இழுபட மட்டும்தான் தெரியும். தன் எடைக்கு எது தோதோ அந்த வளைவில் தானே போய் நிற்கும். அந்த வளைவை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் இழுப்பெல்லாம் நெருக்கம் ஆகிவிடும். இதைக் கண்டு சொன்னவர் ராபர்ட் ஹூக், இங்கிலாந்தில், 1675இல். யாரும் திருடிவிடக் கூடாது என்று லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டார். தொங்கும் சங்கிலி எப்படியோ, அதைக் கவிழ்த்தால் விறைத்த வளைவு அப்படி நிற்கும் என்பதே விடை. அவர் இறந்த பிறகுதான் அது வெளியே வந்தது. அந்த வளைவுக்குக் கணக்குச் சூத்திரம் கிடைக்க 1691 ஆனது. லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் தனித்தனியாகப் போட்டார்கள்.

எனக்கு இதைக் காட்டியது புத்தகம் இல்லை, ஒரு மேஸ்திரி. 2006இல் முதல் வேலை. நான் காகிதத்தில் பரவளையம் போட்டு, அரையடிக்கு ஒரு புள்ளியாக அளந்து பிளைவுட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குப் போய் மாட்டுச் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பூசிய சுவரில் இரண்டு ஆணி, நடுவில் தூக்குக்குண்டு. வளையங்கள் துருப்பிடித்து ஒன்றோடொன்று இறுகி, ஒரு பக்கம் முழங்கை மாதிரி மடங்கி நின்றது. மண்ணெண்ணெய் தடவினார், விரலால் லேசாகத் தட்டித் தட்டி விட்டார். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து நின்றது. அடுப்புக்கரியால் சங்கிலி ஓரமாகவே கோடு இழுத்தார். என் பிளைவுட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டு கோடும் காலில் சேர்ந்தன, உச்சியில் சேர்ந்தன, நடுவில் ஒரு கை அகலம் விலகியிருந்தன. "கல்லு எந்தக் கோட்ட கேக்கும் தம்பி?" என்றார்.

இப்போது கடையில் விற்கும் மெல்லிய எஃகுச் சங்கிலி வைத்திருக்கிறேன். வளையம் சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செம்மண் | 8 ஜனவரி, காலை 7:05

ஒரு கை அகலம் என்று எழுதியதைக் காலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்றால், சுவருக்கும் நடுவுக்கும் பாதி தூரத்தில் பரவளையத்துக்கும் சங்கிலி வளைவுக்கும் 7 செ.மீ. வித்தியாசம். கை அகலம் சரிதான். உயரம் குறையக் குறைய இந்த வித்தியாசமும் குறையும். அரை மீட்டர் உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோடு. பாரம் கிடைமட்டமாக ஒரே சீராக இருந்தால் பரவளையம்தான் சரி, தொங்குபாலத்தில் அப்படி. வளைவின் எடையே பாரம் என்றால் சங்கிலி.

செம்மண் | 9 ஜனவரி, இரவு 11:20

நண்பர் கம்பியே வேண்டாம் என்றாராம். அதற்கு வருகிறேன். இது எனக்கு வலித்த இடம்.

வளைவு கீழே மட்டும் அழுத்தாது, வெளியே உதைக்கும். உன் அறையை 4 மீட்டர் என்றே வைத்துக்கொள். 14 செ.மீ. கனத்தில் மண் பிளாக் (கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்), சதுர மீட்டருக்கு சுமார் 266 கிலோ. உச்சி சுவருக்கு மேலே 2 மீட்டர் என்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 330 கிலோ வெளியே உதைக்கும். உச்சியை அரை மீட்டராகக் குறைத்தால் உதை 1,080 கிலோ. கல் அதே, அகலம் அதே. படுக்கப் படுக்க உதை கூடும்.

2009இல் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சாமான் அறை. அகலம் இதே 13 அடி. உயரம் அதிகமாக இருந்தால் பக்கத்துக் கட்டடத்தோடு பொருந்தவில்லை, குறையுங்கள் என்றார்கள். நானும் குறைத்தேன். சுவருக்குச் சுவர் கம்பி கட்டினால் உள்ளே தலைக்குமேல் தெரியும், அசிங்கம் என்றார்கள். சுவர் தலையில் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட் இருக்கிறதே, தாங்கும் என்று நானும் விட்டுவிட்டேன். இருபதடி நீளச் சுவரில் அந்த பெல்ட் வில் மாதிரி வெளியே வளையும் என்று யோசிக்கவில்லை. சாரம் பிரித்த நான்காம் நாள் உள்ளே உச்சியில் நீளவாக்கில் ஒரு கோடு. பத்தாம் நாள் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது. தூக்குக்குண்டு விட்டேன், தெற்குச் சுவர் இரண்டு விரல் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் நடமாடும் இடம். அன்றே முட்டுக்கொடுத்து மறுநாள் பிரித்துவிட்டோம். என் செலவில் திரும்பக் கட்டினேன், அதைவிட அந்த மேஸ்திரி முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அதனால் தம்பி, சுவருக்குச் சுவர் இழுத்துக்கட்டும் கம்பி வை. 2 மீட்டர் உச்சிக்கு, ஒன்றரை மீட்டருக்கு ஒரு கம்பி என்றால் ஒவ்வொன்றுக்கும் 500 கிலோ. 12 எம்எம் கம்பி அதைப்போல் மூன்று மடங்கு இழுக்கும். தளத்துக்கு ஆகும் கம்பியோடு ஒப்பிட்டால் இது கையில் தூக்கிக்கொண்டு வருகிற சுமை.

ஏரிக்கரை | 10 ஜனவரி, காலை 8:40

நன்றி அண்ணா. எங்கள் ஊரில் பழைய வளைவெல்லாம் அரைவட்டமாகத்தானே இருக்கிறது? கம்பும் நூலும் இருந்தால் அரைவட்டம் போட்டுவிடலாம். சங்கிலி எதற்கு?

செம்மண் | 10 ஜனவரி, இரவு 10:15

நல்ல கேள்வி. அரைவட்டம் வரைய எளிது, நிற்கக் கஷ்டம். அரைவட்டம் தன் எடையில் மட்டும் நிற்க வேண்டுமானால் அதன் கனம் ஆரத்தில் சுமார் 10.75 சதவீதமாவது இருக்க வேண்டும். 1907இல் இந்த எண்ணைச் சரியாகப் போட்டவர் செர்பியாவின் மிலூட்டின் மிலன்கோவிச். பனியுகம் ஏன் வந்து போகிறது என்று பூமியின் சுற்றுப்பாதையை வைத்துக் கணக்குப் போட்டாரே, அவரேதான். ஆரம்பத்தில் கட்டடப் பொறியாளர்.

உன் அறைக்கு ஆரம் 2 மீட்டர். அப்படியானால் கனம் 21 செ.மீ.க்கு மேல். நாலரை அங்குலச் செங்கல்லில் அரைவட்டம் கட்டிச் சாரத்தை எடுத்தால் விழும். ஒன்பது அங்குலம் என்றால் மயிரிழையில் நிற்கும். சங்கிலி வளைவில் நாலரை அங்குலமே தாராளம். கோட்டை மாற்றியதிலேயே பாதி செங்கல் மிச்சம்.

செம்மண் | 18 ஜனவரி, மாலை 5:30

மேலே 10ஆம் தேதி விழும் என்று அடித்துச் சொன்னேன். பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனதில் அது முழு உண்மை இல்லை என்று கண்ணாலேயே பார்த்தேன்.

பாபநாசம் பக்கம். திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்ப்பேன். குதிர் மாதிரி வட்டமாக ஏறி உச்சியில் கூம்பி நிற்கும். அதற்காகப் போய்விட்டுத் திரும்பும்போது மாமனார் தெருவில் ஒரு பழைய வீட்டு நடைவழி, பாதி இடிந்திருந்தது. அரைவட்ட வளைவு, மெல்லிய கல், நாலரை அங்குலத்துக்கும் குறைவு. இடிந்த பக்கத்தில் உள் வயிறு தெரிந்தது: வளைவின் இரண்டு தோளிலும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மட்டம் வரை அடைத்திருக்கிறார்கள். அரைவட்டம் விழுவது எப்படி என்றால் உச்சி இறங்கி, தோள் வெளியே பிதுங்கும். அந்தத் தோளை அடைத்துப் பிடித்துவிட்டால் பிதுங்க முடியாது. பாரக்கோடு, அதாவது பாரம் கல்லுக்குக் கல் இறங்கிப் போகும் வழி, அந்த அடைப்புக்குள் ஓடிவிடும்.

ஆக அடைப்பு இல்லாத அரைவட்டம் விழும். அடைத்த அரைவட்டம் நூறு வருடம் நிற்கும். மேஸ்திரிகள் கணக்குப் போடாமலே செய்தது. மாமனார் மட்டும், இடிந்த வீட்டுக்குள் அரைமணி நேரம் என்ன பார்த்தீர்கள் மாப்பிள்ளை, புதையலா என்றார். புதையல்தான் மாமா என்றேன்.

செம்மண் | 2 பிப்ரவரி, இரவு 11:55

தூக்கம் வரவில்லை. முதல் பதிவில் எடையும் குறையும் என்று ஒரு வரி எழுதினேன். தப்பு. திருத்தாமல் விட்டால் யாராவது நம்பி அஸ்திவாரம் குறைத்துவிடுவார்கள்.

4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உச்சி. காலிலிருந்து கால் வரை வளைவின் நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர். சதுர மீட்டருக்கு 266 கிலோ என்றால் மீட்டர் நீளத்துக்கு 1,590 கிலோ. தட்டைத் தளம் 12.5 செ.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 312 கிலோ, 4 மீட்டருக்கு 1,250 கிலோ. வளைவுதான் கனம்! இத்தனை வருடம் கட்டியும் இதை ஒழுங்காக ஒரு தாளில் எழுதிப் பார்க்கவில்லை.

அப்புறம் என்ன மிச்சம்? சிமென்ட். தளத்துக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 40 கிலோ சிமென்ட் போகும். மண் பிளாக்கில் 5 சதவீதம்தான் சிமென்ட். வளைவின் கூடுதல் பரப்பைச் சேர்த்தாலும் அறையின் சதுர மீட்டருக்கு 20 கிலோ, மேலே கொஞ்சம் சாந்து. கம்பி ஏறக்குறைய இல்லை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் இது நல்ல கூரை. ஆனால் இலேசான கூரை இல்லை. இரண்டும் வேறு.

செம்மண் | 4 பிப்ரவரி, காலை 6:20

இரண்டு நாளாக அதே நினைப்பு. இலேசாகவும் வேண்டும் என்றால்? உயரத்தைக் குறைத்தால் நீளம் குறையும், ஆனால் உதை கூடும். கனத்தையும் சேர்த்துக் குறைத்தால்?

தட்டை ஓடு இரண்டு அடுக்கு, சாந்தும் சேர்த்து 6 செ.மீ. என்று வைக்கிறேன். சதுர மீட்டருக்கு சுமார் 114 கிலோ. உச்சி 80 செ.மீ. வளைவு நீளம் 4.4 மீட்டர். மொத்தம் 500 கிலோ. உதை 300 கிலோ. மறுபடி பார்: உயரம் 2 மீட்டரிலிருந்து 80 செ.மீ.க்கு இறங்கியும் உதை கூடவில்லை, ஏனென்றால் எடை அவ்வளவு இறங்கிவிட்டது. தளத்தின் எடையில் பாதிகூட இல்லை. உன் நண்பர் சொன்ன பாதி எடை இந்தக் கூரைக்குப் பொருந்தும். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இது புதிதும் இல்லை. ஸ்பெயினில் கட்டலான் கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. வலென்சியாவில் பிறந்த ரஃபேல் குவாஸ்டவினோ 1881இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பாஸ்டன் பொது நூலகத்தின் வளைவுகள் அவருடையவை. ஓட்டைப் படுக்கவைத்து, விளிம்போடு விளிம்பு, சீக்கிரம் இறுகும் ஜிப்சம் சாந்தில் முதல் அடுக்கு. ஓடு சில நொடியில் பிடித்துக்கொள்வதால் கீழே முழுச் சென்ட்ரிங் தேவையில்லை. அதன்மேல் இணைப்புகள் விலகி வரும்படி இரண்டாம் அடுக்கு சிமென்ட் சாந்தில். தென்னாப்பிரிக்காவில் மாப்புங்குப்வே விளக்க மையத்தில் சுட்ட ஓட்டுக்குப் பதில் மண்ணை அழுத்திய ஓட்டாலேயே இப்படிக் கட்டினார்கள். ஊர்க்காரர்களே ஓடு அடித்தார்கள். பீட்டர் ரிச் வடிவமைத்தது, 2009இல் உலகக் கட்டட விருது பெற்றது. 2016இல் வெனிஸ் கண்காட்சியில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆட்கள் 399 சுண்ணாம்புக்கல் துண்டுகளைச் சாந்தே இல்லாமல் அடுக்கி 16 மீட்டர் தாண்டினார்கள், மெல்லிய இடத்தில் 5 செ.மீ. கனம். அங்கேயும் காலில் உதையைப் பிடிக்க இரும்பு இழுகம்பி உண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு 2009 நினைவுதான் வந்தது.

செம்மண் | 11 மார்ச், இரவு 8:45

செய்தே பார்த்தோம். பட்டறைக்குப் பின்னால் 2 மீட்டர் அகலம், 40 செ.மீ. உச்சி. மொட்டைமாடியில் பதிக்கும் அதே தட்டை ஓடு, முக்கால் அங்குலம். ஜிப்சத்துக்கு பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சாந்து.

முதல் நாள் வீண். பிஓபியைச் சட்டி நிறையக் குழைத்தோம், நான்காவது ஓட்டுக்கே சட்டியில் கல்லாகிவிட்டது. இரண்டாம் நாள் தேங்காய்த்தொட்டி அளவு மட்டும் குழைத்தோம், ஒரு தொட்டிக்கு இரண்டு ஓடு. ஓட்டைத் தண்ணீரில் முக்காமல் வைத்தால் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கழன்று விழுகிறது. நனைத்து, ஈரம் சொட்டாமல் துடைத்து, இரண்டு விளிம்பில் சாந்து தடவி, அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்தால் அந்தரத்தில் நிற்கிறது. கூட வேலை செய்த அக்கா முதல் ஓடு நின்றதும் கையை எடுத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்கள். மூன்றாம் நாள் அவர்கள் கைதான் எல்லோரையும்விட வேகம்.

இரண்டாம் அடுக்கு போட்டு இரண்டு வாரம் கழித்து நடுவில் மூன்று பேர் நின்றோம். அசையவில்லை.

செம்மண் | 12 மார்ச், காலை 6:50

நேற்று எழுத மறந்தது, முக்கியமானது. நடுவில் நின்றது சரி. ஒரு பக்கத் தோளில் மட்டும் மூன்று சிமென்ட் மூட்டை ஏற்றியபோது எதிர்ப்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம், மேற்பரப்பில் மயிரிழைக் கோடு. சங்கிலியின் ஒரு பக்கத்தில் கல்லைக் கட்டினால் வடிவம் கோணுமே, அதே. பாரக்கோடு கனத்துக்குள் இருக்கும்வரைதான் கூரை. 6 செ.மீ.க்குள் அது ஆட இடமே இல்லை. அதனால் மெல்லிய வளைவுக்கு மேலே குறுக்குச் சுவர்கள் எழுப்பியோ தோளை அடைத்தோ ஆக வேண்டும். மேலே தண்ணீர் டேங்க் வைக்கும் ஆசை இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடு.

ஏரிக்கரை | 20 ஏப்ரல், மாலை 7:10

முடிவு செய்துவிட்டேன் அண்ணா. 14 செ.மீ. மண் பிளாக், 2 மீட்டர் உச்சி, இழுகம்பியோடு. மெல்லிய ஓட்டுக்கு எங்கள் கொத்தனாருக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும்தான். பொறியாளர் ஒருவரிடம் கணக்குச் சரிபார்த்தாயிற்று. சங்கிலி கடன் வேண்டும்.

செம்மண் | 20 ஏப்ரல், இரவு 9:00

வந்து எடுத்துக்கொள். நல்ல முடிவு. கூலி பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது குறையாது. கம்பி கட்டி, பலகை அடித்து வைத்திருந்தால் தளத்துக்கு ஒரே நாளில் கான்கிரீட் கொட்டிவிடலாம். இந்த அளவு வளைவுக்கு எங்கள் ஆட்கள் நான்கு பேருக்கு ஒன்பது, பத்து நாள் ஆகும். சிமென்ட் கடைக்குப் போகிற பணம் கொத்தனார் வீட்டுக்குப் போகும். செலவு பாதி என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

செம்மண் | 17 ஆகஸ்ட், இரவு 8:20

நேற்று தம்பியின் அறையைப் பார்த்தேன். உள்ளே நின்று பேசினால் குரல் திரும்பி வருகிறது. உச்சிப் பூச்சில் ஒரு கோடு, முடி அளவு. பூச்சு காய்ந்த கோடுதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் நினைப்பை நம்பாமல் கோட்டுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டு சாந்தில் ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். வெளியே அழகுக்காக இரண்டு பக்கமும் ஒன்றரையடிக் கைப்பிடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வேண்டாம் என்றேன்.

செம்மண் | 4 டிசம்பர், இரவு 10:40

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு எங்கள் பக்கம்தான் கரை கடந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்றுதான் தம்பி வீட்டுப் பக்கம் போக வழி கிடைத்தது.

அறைக்குள் வடக்குச் சுவரோரம் ஓதம், நான்கு மூட்டை விதைநெல் நனைந்து முளைவிட்டிருக்கிறது. உச்சியில் ஒரு சொட்டும் இல்லை. வளைவும் கைப்பிடிச் சுவரும் சேரும் பள்ளத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. வெளியேறும் குழாயில் வேப்பிலை அடைப்பு, கையை விட்டு எடுத்தேன், ஒரு கூடை வந்தது. தம்பியின் அப்பா கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவரையும் இடித்து, வளைவைச் சுவருக்கு வெளியே ஒன்றரையடி இறவாணமாக நீட்டச் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் ஆரம்பிக்கிறார்கள். ஆகஸ்டிலேயே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏணி போட்டு ஏறி மூன்று கண்ணாடியையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றும் முழுசாக இருக்கின்றன. இழுகம்பியைத் தட்டினேன், ஐந்தும் ஒரே சுருதி.

சங்கிலி என்னிடம் திரும்பிவிட்டது. செஞ்சியிலிருந்து ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார், அவர் 20ஆம் தேதிக்குமேல் வரலாம்.